ஒரு பகல் ஷிப்டு

எங்கள் கம்பெனியில் சிங்கப்பூர் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதலாளி. இன்னொருத்தி செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நிற்கும் கலாக்கா. முதலாளி போய்விட்டு வந்தபோது ஆளுக்கொரு சாக்லேட் கிடைத்தது, கதை கிடைக்கவில்லை. கலாக்கா வந்தபோது இரண்டும் கிடைத்தன. இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அந்த ஊர்க் கட்டடங்கள் இரண்டு மாடி உயர்ந்துவிடுகின்றன. நான் அந்த மாடிகளைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முழுப்பெயர் சித்ரகலா. வயது நாற்பத்தொன்பது. தாராபுரத்துப் பெண், திருப்பூர் ராயபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். தைத்து வருகிற டீ-சர்ட்டை உள்ளும் புறமும் புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிப்போடுவது எங்கள் வேலை. எங்களுக்கு ஏழெட்டு நொடி ஆகும். கலாக்காவுக்கு மூன்று நொடி. அந்தக் கண்ணை அவளால் வீட்டில் கழற்றி வைக்கவும் முடியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மணப்பெண்ணின் ஜாக்கெட்டில் கோணல் கண்டுபிடிப்பாள். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது இவளை மட்டும் கூட்டிப் போக மாட்டேன்.

அவள் வீட்டுக்காரர் மோகன்ராஜ் நிட்டிங் ஆபரேட்டர். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எப்போதும் நைட் ஷிப்டு, இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. மகள் கோகிலவாணி எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் அப்படி மாறினார். பள்ளி விட்டு வரும் குழந்தைக்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும், பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. எனவே கலாக்கா பகல், அவர் இரவு. குழந்தை வளர்ந்து, இன்ஜினியரிங் படித்து, கல்யாணமாகி மெல்போர்ன் போய்விட்டது. அவர் மட்டும் நைட்டிலேயே தங்கிவிட்டார். இருபத்து மூன்று வருடம்.

காலை எட்டேகாலுக்கு அவர் வண்டியை நிறுத்துவார். இவள் டிபன் பாக்ஸோடு படி இறங்குவாள். "கொழம்பு மூடி வச்சிருக்கறனுங்க." "செரி." சாவி கைமாறும். அவ்வளவுதான் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமை, நோம்பி, பண்டிகை நாள் எல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து விட்ட தூக்கத்தைத் தூங்குவார். ஏனக்கா இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஷிப்டு ஒத்து வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள்.

போன வருடம் வாணிக்குப் பிரசவ நேரம். கலாக்கா ஆறு மாதம் அங்கே இருக்க வேண்டும். மோகன்ராஜுக்கு ஒரு மாதம்தான் லீவு. கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கே விமானம் மாறி மெல்போர்ன். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இது ரொம்ப நேரம், வேறு டிக்கெட் பார்க்கிறேன் என்று வாணி சொன்னாளாம். வேண்டவே வேண்டாம் என்று கலாக்கா தடுத்துவிட்டாள். ஊரைச் சுற்றிப் பார்க்க வெளியே போய் வருவதற்கு உண்டானதை எல்லாம் மகளே பதிவு செய்து போனில் அனுப்பினாள்.

"போக வரக் கழிச்சாலும் எட்டு மணி நேரம், முழுசா ஒரு ஷிப்டு இருக்குது, குழலி," என்றாள் என்னிடம். என் பெயர் பூங்குழலி, அவள் அப்படிச் சுருக்கித்தான் கூப்பிடுவாள். "அங்க போனா சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, கொழந்தை. திரும்பி வந்தா மறுபடி இந்தச் சாவி. நடுவுல அந்த ஒரு பகலு நாங்க ரெண்டு பேரு மட்டும். அந்த மனுசன் முழிச்சிருக்கோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

ஊர் பார்க்கிற ஆசை என்று நினைத்திருந்தேன். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. பீஸைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

ஆரம்பமே கோளாறு. கோயமுத்தூரில் நடுராத்திரிக்கு மேல் கிளம்பிய விமானத்தில் எல்லோரும் தூங்க, இவர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு இறக்கையில் மினுங்கும் விளக்கைப் பார்த்தபடி வந்தார். பழக்கம் அப்படி. சிங்கப்பூரில் இறங்கியபோது காலை எட்டு மணி. நம் ஊரில் அப்போது ஐந்தரைதான், ஆனால் வெயிலைக் கண்டாலே அவருக்கு வீடு வந்து சேர்ந்து, குளித்து, படுக்கிற நேரம். அவருடைய உடம்புக்கு ஊர் மாறியது தெரியாது.

விமான நிலையத்தில் தரை முழுக்கக் கம்பளம் விரித்திருந்தது. கலாக்கா குனிந்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஓரம் பிரியவில்லை. சுவர் ஓடுகளின் இணைப்பைப் பார்த்தாள், கண்ணாடியின் விளிம்பைப் பார்த்தாள். ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை. "இத்தனை பெரிய எடத்துல ஒரு டேமேஜ் இல்லீங்க," என்றாள். அவர் கொட்டாவி விட்டார்.

ஒரு ரயில் ஏறி, இன்னொரு ரயில் மாறினார்கள். இரண்டாவது ரயில் பூமிக்கு அடியில் ஓடுவது. அதன் முன்பக்கம் போய் நின்ற மோகன்ராஜ் கொஞ்சம் விழித்துக்கொண்டார். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கண்ணாடி. குகைக்குள் தண்டவாளம் தானாக இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"ஆபரேட்டர் எங்க, கலா?"

"ஆளே இல்லீங்களாமா. வாணி சொன்னா."

அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். ஆறு மெஷினைத் தனியாகப் பார்க்கிறவர். ஒன்று நின்றால் எதனால் நின்றது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்வார். இத்தனை ஜனத்தைச் சுமந்துகொண்டு, ஆளே இல்லாமல், நிறுத்தத்தில் கதவுக்குக் கதவு நூல் பிடித்தாற்போல் வந்து நிற்கிற ஒரு மெஷினை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. "எவனோ ராத்திரி பகலா ஒக்காந்து யோசிச்சிருக்கறான்," என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதே இல்லை என்கிறாள் கலாக்கா. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்படியே போனால் போதும் என்று நினைத்தாள்.

அப்போது பார்த்து இரண்டு இருக்கை காலியானது. அவர் உட்கார்ந்தார். ரயில் கடகடவென்று ஓடுகிற சத்தத்தில், நிட்டிங் ஆபரேட்டருக்குத் தாலாட்டே அதுதானே, இரண்டு நிமிடத்தில் தலை சாய்ந்துவிட்டது.

நடுவில் எதற்கோ ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. சத்தம் அடங்கியது. மெஷின் நின்றால் நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை ஆழ்ந்த தூக்கத்திலும் நிட்டிங்காரர்களைச் சத்தம் எழுப்பாது, சத்தம் நின்றால்தான் எழுவார்கள். மோகன்ராஜ் துள்ளி எழுந்து, கண்ணைத் திறக்காமலே, மெஷினுக்கு நூல் இறங்கி வருகிற இடம் என்று தலைக்கு மேலே இரண்டு கைகளையும் உயர்த்தி அறுந்த நூலைத் தேடினார். கைக்குப் பிடி வளையம் அகப்பட்டது. அதைப் பிடித்து இழுத்து, முடிச்சுப் போடப் பார்த்தார். எதிரே இருந்த சீனத்து அம்மா, பாவம் ஏதோ முடியாதவர் போல என்று பதறி எழுந்து இடம் கொடுத்தார். கலாக்கா தன் வீட்டுக்காரரைத் திரும்ப உட்கார வைத்தாள். சுற்றிலும் எல்லோரும் போனைப் பார்க்கிற மாதிரி இவர்களைப் பார்த்தார்கள்.

ரயிலைவிட்டு மேலே வந்தபோது எதிரே மூன்று கோபுரங்கள். அந்த மூன்றின் தலையிலும் சேர்ந்தாற்போல ஒரு கப்பல். கப்பல் மாதிரி ஏதோ ஒன்று என்று நான் சொன்னால் கலாக்கா ஒப்புக்கொள்வதில்லை. கப்பலேதான். அதற்கு மேல் ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். அந்தப் பக்கம் இரும்பால் கட்டிய மரங்கள், பத்துப் பதினைந்து மாடி உயரம், உடம்பெல்லாம் நிஜச் செடிகள் பற்றிப் படர்ந்திருந்தன. பிரமித்துப்போய் நிற்பது என்று சொல்கிறோமே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது என்றாள். வாய் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம், கால் நின்ற இடத்திலேயே இருந்ததாம்.

மகள் பதிவு செய்திருந்தது ஒரு கண்ணாடி வீடு. உள்ளே நுழைந்ததும் மார்கழி மாதக் குளிர். கண்ணாடிக்குள் ஒரு மலை நின்றது. மலையென்றால் மலை, உச்சியிலிருந்து அருவி கொட்டியது. மலை முழுக்கப் பூக்கள், பாசி, பெயர் தெரியாத செடிகள். மலையைச் சுற்றி அந்தரத்தில் பாதை. அருவி விழுகிற இடத்தில் இவள் தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே நின்று, பார்த்தீங்களா என்று சொல்லத் திரும்பினாள். அவர் ஒரு மேடையில் உட்கார்ந்திருந்தார். அருவிச் சத்தம். தலை மார்பில் தொங்கியது.

எழுப்பினாள், எழவில்லை. சரி, ஐந்து நிமிடம் தூங்கட்டும் என்று லிஃப்டில் தனியாக மேலே போனாள். உச்சியில் புகைபோலப் பனியைத் திறந்துவிட்டார்கள். வெண்மேகம் அவள் காலடியில் ஓடியது. மேகத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி வழியே கடல், கடலில் கணக்கில்லாக் கப்பல்கள். "ஏனுங்க, இங்க பாருங்க," என்று பக்கத்தில் நின்ற கையைத் தொட்டுவிட்டாள். அது யாரோ ஒரு வெள்ளைக்காரர். சாரி சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். இறங்குகிற வழியெல்லாம் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மிஷினு நின்னுருச்சா?" என்றார் அவர்.

"மிஷினெல்லாம் ஓடுதுங்க. நாந்தான் தனியா ஓடிட்டு இருக்கறேன்."

அவருக்கு இன்னும் தெளியவில்லை. கலாக்கா நின்ற வாக்கிலேயே சொல்லிவிட்டாள். எங்களிடம் அந்த வசனத்தைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "லீவு நாளெல்லாம் உங்க முதுகத்தானுங்க பாத்திருக்கறேன். நான் ஒரு நாளும் சொல்லல. ஒடம்பு நோவுது, தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டு வெளியில துணி துவைச்சேன். அங்க போனா வாணிதான் உங்களுக்கு, கொழந்தைதான் எனக்கு. இந்த ஒரு பகலத்தான் கேட்டேன். அதுலயும் பாதி போயிருச்சு."

சுற்றிலும் பல தேசத்து ஜனம். தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகன்ராஜ் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நிட்டிங்ல நைட்டு ஸ்டூலு போட மாட்டாங்க," என்றார். "ஒக்காந்தாத் தூங்கிருவோம்னு. நின்னா எனக்குத் தூக்கம் வராது, கலா. இனி ஒக்கார மாட்டேன். வா, மேல போலாம்."

அப்போது மணி பதினொன்று. கலாக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பளைங்க பேச்சு அரை மணி நேரம் என்று நினைத்தாள்.

இரண்டாவது தடவை மலை ஏறினார்கள். அந்தரத்துப் பாதையில் நின்று கீழே பார்த்தபோது அவர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கூரை முழுக்க வெயில். அத்தனை கண்ணாடியில் ஒரு காக்கை எச்சம் இல்லை. இவளுக்கு அது டேமேஜ் இல்லாத வேலையாகத் தெரிந்தது. அவருக்கு வேறு மாதிரி தெரிந்தது. "இதெல்லாம் பகல்ல கழுவ முடியாது," என்றார். "ஜனம் போனதுக்கப்பறம்தான் கழுவியிருப்பாங்க. இந்த ஊருல நைட்டு எத்தனை பேரு நின்னிருந்தா பகல்ல இப்படி இருக்கும், நெனச்சுப் பாரு." அதன் பிறகு எதைப் பார்த்தாலும் அவர் அதையே நினைத்து வியந்தார். பாலத்தைப் பார்த்து, கழுவிவிட்ட நடைபாதையைப் பார்த்து, வெட்டிவிட்ட புல்லைப் பார்த்து. ஊரைக் கட்டியவர்களை விட அதை ராத்திரியில் சரிசெய்து பகலுக்கு ஒப்படைக்கிறவர்கள் அவருக்குப் பெரிய ஆட்களாகத் தெரிந்தார்கள்.

மத்தியானம், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை வெளியே ஒரு மரத்தடியில் பிரித்தாள். பக்கத்திலேயே பெஞ்சு. அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். மகள் படகுச் சவாரிக்கும் பதிவு செய்திருந்தாள். படகில் உட்கார்ந்துதான் போக வேண்டும், நிற்கக் கூடாது என்று அங்கிருந்த பெண் சைகை காட்டினாள். இவர் ஏற மறுத்துவிட்டார்.

"பதிவு பண்ணுனது வீணாப் போகுதுங்க. சித்த நேரம் ஒக்காந்தா என்ன?"

"படகு ஆடும். சத்தமும் போடும். ஆட்டமும் சத்தமும் சேந்தா நான் போச்சு. நீ போயிட்டு வா, நான் கரையில நிக்கறேன்."

"நீங்க இல்லாம எனக்கெதுக்குங்க படகு," என்று கலாக்காவும் ஏறவில்லை. வாணிக்கு இன்றுவரை இதற்குக் காரணம் தெரியாது. படகு கிளம்பிப் போவதைக் கரையில் நின்று பார்த்தார்கள். பிறகு அந்த நீர்ப்பரப்பைச் சுற்றி நடந்தார்கள். எத்தனை வண்டிகள் போயும் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. வானத்தை முட்டுகிற கட்டடங்கள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. இதையெல்லாம் மனுசன்தான் கட்டினானா என்று அவள் கேட்க, மனுசன் ஒன்றரை ஷிப்டு பார்த்துக் கட்டியிருப்பான் என்றார் அவர்.

மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மழை. ஒரு பாலத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். சுவரில் சாய்ந்து, நின்றபடியே, ஒரு மணி நேரம் பேசினார்கள். உன் டேபிள் ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா என்று அவர் கேட்டார். ஒரு பீஸில் முதலில் எங்கே பார்ப்பாய், கழுத்தா, கையா என்று கேட்டார். எதிரே யார் நிற்பார்கள் என்று கேட்டார். பூங்குழலி என்று இவள் சொன்னாள். மத்தியானம் டிபன் பாக்ஸைப் பங்கு போட்டு, அந்த வீட்டுச் சாம்பாரைப் பத்தொன்பது வருடமாகச் சாப்பிடுகிறவள் நான். என் பெயர் அந்த மனிதருக்குச் சிங்கப்பூரில் போய்த்தான் தெரிந்திருக்கிறது. கேட்டபோது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தினமும் என்னோடு சோறு சாப்பிடுகிறார். அவர் இதில் ஒன்றைக்கூட என்னிடம் கேட்டதில்லை.

திரும்ப ரயில் ஏறியபோது பெட்டியில் பாதி காலி. அவர் பிடி வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இவள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டாள். விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், கண்ணாடிக் கூரையின் நடுவிலிருந்து ஒரு பெரிய அருவி வட்டமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி மாடி மாடியாகக் காடு. வீட்டுக்குள் மழை பெய்யக் கண்டவர்கள் நாங்கள், ஆனால் அது ஓடு உடைந்து ஒழுகும் மழை. இது வேண்டுமென்றே பெய்ய வைத்த மழை. பொழுது சாய்கிற வெளிச்சம் அதில் விழுந்து தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருந்தது. அவர் கை அவள் கையைப் பிடித்திருந்தது என்பதையே அங்கிருந்து கிளம்பும்போதுதான் பார்த்தாளாம். திருப்பூரில் ரோட்டைத் தாண்டும்போதுகூட அவர் கையைப் பிடித்ததில்லை.

மெல்போர்ன் விமானத்துக்குக் காத்திருக்கும் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். இவள் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் தூணோரம் நின்றார். இந்தக் கால்மேல் கொஞ்ச நேரம், அந்தக் கால்மேல் கொஞ்ச நேரம். நாள் முழுக்கக் கூடவே நடந்தவள், உட்கார்ந்த உயரத்திலிருந்து அப்போதுதான் பார்த்தாள். ஷூவின் வாயில் கால் பிதுங்கிக்கொண்டு நின்றது.

இழுத்து உட்கார வைத்தாள். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். ஷூ வரவில்லை. திருகித்தான் கழற்ற வேண்டியிருந்தது. சாக்ஸை உருட்டியபோது அதன் எலாஸ்டிக் பதிந்த பள்ளம் கணுக்காலைச் சுற்றி விரல் ஆழத்துக்கு இருந்தது. அதற்கு மேலே நரம்புகள் புடைத்து நின்றன. நாங்களும் நின்று வேலை பார்க்கிறவர்கள்தான். முதல் நாள் இரவு முழுக்கத் தூங்காத ஒரு உடம்பு, பதினொரு மணியிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு நொடி உட்காராமல் இருந்தால் கால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். தனக்காக ஒருத்தர் இப்படிச் செய்வார் என்று நினைத்ததே இல்லை என்று கலாக்கா சொன்னாள். அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

"இப்பத் தூங்குங்க. நான் கேட்டதுக்கு மேலயே பாத்துட்டனுங்க. போதும்."

அவர் தூங்கவில்லை. அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி, அவள் காதுக்கு மேலிருந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கினார்.

"இங்க இவ்வளவு நரச்சிருக்குதே, கலா. எப்ப இருந்து?"

"அதாச்சுங்க ஆறேழு வருசம்."

"எனக்குத் தெரியாது," என்றார்.

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். இவள் அவசரமாகச் சாக்ஸை எடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வரிசை கொறையட்டும். சித்த நேரம் இப்படியே எம்பக்கம் திரும்பி இரு. பாத்துக்கறேன்."